மீன்கள் மூக்கைப் பார்த்து நீந்தும்

முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டியவன் நான்,
க்தான்ஸ்க் நகரத்தில்.
ஒருநாளும் வழி தவறியதில்லை.
தவறத்தான் முடியாதே, தண்டவாளம் விடாது.
ஓய்வு பெற்ற அன்று பணிமனையில் கேலி செய்தார்கள்:
"இனிமேல் எந்தப் பக்கம் திரும்புவது என்று
நீயே யோசிக்க வேண்டும், அப்பா."

அந்தச் சிரிப்பு
நார்வேக்கு அப்பால் எங்கோ, விடிகாலை மூன்று மணிக்கு,
ஒன்பதாம் தளத்தில் என்னை வந்து பிடிக்கிறது.
கையில் இரண்டு கோப்பைத் தேநீர்.
எனக்கொன்று, வியெஸ்லாவாவுக்கு ஒன்று.
அவளுக்கு எலுமிச்சை மட்டும். சர்க்கரை ஆகாது.

தாழ்வாரம் நீளம் என்று சொன்னால் போதாது.
அதன் கடைசிக் கதவு
ஒரு பால்பல் அளவுக்குச் சிறுத்துத் தெரிகிறது.
எல்லாக் கதவும் ஒரே பழுப்பு, ஒரே பித்தளைப் பிடி,
ஒரு கதவுக்குப் பின்னால் யாரோ ஜெர்மன் மொழியில் தும்முகிறார்.

ஏறிய அன்றே சொல்லித் தந்தார்கள்.
கம்பளத்தில் நெய்த நீல மீன்கள்
எப்போதும் கப்பலின் மூக்கைப் பார்த்தே நீந்தும்.
இரட்டைப்படை அறைகள் இடப்பக்கம்,
ஒற்றைப்படை வலப்பக்கம்.
பதின்மூன்றாம் தளம் என்று ஒன்று கிடையாது.
"இதற்குமேலும் தொலைவது கஷ்டம்" என்றாள்
வரவேற்பில் இருந்த பெண்.
கஷ்டப்பட்டுத்தான் தொலைந்திருக்கிறேன்.

மீனுக்கு மூக்கு தெரியும், சரி.
என் அறை அந்த மூக்கிலிருந்து எத்தனை தூரம் என்று
மீனுக்கு யார் சொல்வது?

9215 இல் அட்டையைச் செருகினேன்.
சிவப்பு விளக்கு.
திருப்பிச் செருகினேன்.
உள்ளே ஒரு நாற்காலி நகரும் சத்தம்.
என் அறை 9214 என்பது அப்போதுதான் உறைத்தது.
மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல் நடந்தேன்,
தேநீர் விரலில் தெறித்தது.

மின்தூக்கி அருகே சுவரில் வரைபடம்.
சிவப்புப் புள்ளி: நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்.
அது எனக்கே தெரியும்.
அவள் எங்கே என்பதற்கு ஒரு புள்ளி இல்லை.

மின்தூக்கிக்குள் ஓர் ஆள் மண்டியிட்டு
செவ்வாய்க்கிழமையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
நாள் மாறினால் விரிப்பு மாற வேண்டும்,
இல்லாவிட்டால் பயணிகளுக்குக் கிழமை தெரியாது.
நெஞ்சில் பெயர்ப்பட்டை: ஞோமான், பாலி.
புதன்கிழமையை உதறி விரித்து
மூலையைக் காலால் தட்டிச் சரிசெய்தார்.
"நேரமாகிவிட்டது. மூன்று மணி நேரமாக
எல்லாரும் செவ்வாயை மிதித்துக்கொண்டிருந்தார்கள்."

வழி கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.
"இந்தப் பக்கமாக எனக்குச் சொல்ல வராது, ஐயா.
வெள்ளைக் கதவுக்குப் பின்னாலிருந்து என்றால்
சலவைக் கிடங்கு, இரும்புப் படி, இடப்பக்கம், எட்டாவது அறை."
ஏழு மாதமாகக் கப்பலில் இருக்கிறாராம்.
மேல்தளத்து நீச்சல் குளத்தைப் பார்த்ததில்லை.
"அதன் துண்டுகளைத் தெரியும்" என்றார்.

பிறகு அவரே கூட வந்தார்,
செவ்வாய்க்கிழமை தோளில் கிடக்க.

பச்சை விளக்கு.
படுக்கையில் வியெஸ்லாவா இல்லை.
போர்வையில் கை வைத்தேன், இன்னும் சூடு.
செருப்பைக் காணோம். கண்ணாடியையும்.
என்னைத் தேடித்தான் போயிருக்கிறாள்.

போஸ்னான் சந்தையில், கல்யாணமான வருடம்,
ஒரு மணி நேரம் ஒருவரை ஒருவர் தொலைத்துவிட்டு
ஓர் ஒப்பந்தம் செய்தோம்:
இனித் தொலைந்தால் ஒருவர் அசையாமல் நிற்பது,
மற்றவர் தேடுவது.
யார் நிற்பது, யார் தேடுவது என்று
அன்று பேசினோமா?
நாற்பத்து நான்கு வருடம் அதற்குத் தேவையே வரவில்லை.
எங்கே போனாலும் என் டிராமில்தான் போனாள்,
எனக்குப் பின்னால், முதல் இருக்கையில்.

வாசலில் நிற்கிறேன்.
ஞோமான் போய்விட்டார்.
காலடியில் மீன்கள் கும்பலாக
ஒரே திசையில், எனக்கென்ன என்று.
வலப்பக்கத் தாழ்வாரத்தில், அச்சாக இதே போன்ற ஒரு கதவருகே
அவளும் ஒப்பந்தப்படி நின்றுகொண்டிருக்கலாம்.
பிடிவாதக்காரி, நின்றால் நின்றதுதான்.

பத்து நிமிடம் பார்ப்பேன்.
அதுவரை அவள் தேநீர் ஆறிவிட்டதா என்று
ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன்.

இனிக்கிறது.