தலையணை கட்டிய தாத்தா

போன வருஷம் வரை எனக்குத் தலையணை வேண்டியிருக்கவில்லை.
சிவப்புச் சட்டையை மாட்டினால் போதும்,
பித்தான்கள் தாமாகவே மூச்சுத் திணறும்.
கருங்கல் பக்கத்தில் ஒன்பது டிசம்பர்
நான்தான் கிறிஸ்மஸ் தாத்தா.
வாலிபர் சங்கத்தில் எல்லாப் பதவிக்கும் தேர்தல் உண்டு,
இதற்குக் கிடையாது.

பதினேழு கிலோ குறைந்திருக்கிறேன்.
கேட்டவர்களிடம் சுகர் என்று சொல்லிவைத்தேன்.
உண்மையில் அது மத்திகோட்டில் ஒரு மின்கம்பம்.
ஏறப்போனால் எனக்கு முன்னால்
என் வயிறு அதைக் கட்டிப்பிடித்தது.
கை எட்டவில்லை.
கீழே நின்ற தற்காலிகப் பையன், அஜின்,
"நான் ஏறட்டா சார்?" என்றான்.
மரியாதையாகத்தான் கேட்டான்.
அதுதான் பொறுக்கவில்லை.

ஈஸ்டர் கழிந்த திங்கள் தொடங்கி எட்டு மாதம்
மரச்சீனிக் கிழங்கைக் கண்ணால் மட்டும் தொட்டேன்.
பொரிக்க வேண்டிய சாளையை
ரோஸ்லெட் அவித்துவைத்தாள்,
மீனிடம் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு.

அதெல்லாம் எளிது.
டிசம்பர் எங்கள் ஊருக்கு எண்ணெய் வழியாக வரும்.
ஒரு வீட்டில் அச்சப்பத்தின் அச்சை உதறுகிற சத்தம்,
மறு வீட்டில் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுபடுகிற மணம்,
ஏத்தங்காய் உப்பேரி தகரத்தில் விழுகிற கலகல.
சன்னலைச் சாத்தினேன்.
மணத்துக்குச் சன்னல் எதற்கு?

கேரலுக்கு முந்தின நாள்
செயலாளர் என்னைச் சுற்றிவந்து பார்த்தார்.
"எடே, இந்தத் தாத்தாவ எவன் நம்புவான்?"
மகளுடைய தலையணையை,
முயல் படம் போட்டது,
தேங்காய்க் கயிற்றால் வயிற்றில் கட்டினார்கள்.
பிள்ளைகள் வழக்கம்போல் குத்தின.
முதல் தடவையாக எனக்கு வலிக்கவில்லை.

ஒரு ராத்திரிக்கு முப்பத்திநாலு வீடு.
வீட்டுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு நியாயம்:
"ஒண்ணு தின்னா என்ன ஆவப்போவுது?"
ஒன்றும் ஆகாது.
முப்பத்திநாலுதான் ஆகும்.

நல்லவேளை, புது முகமூடிக்கு வாய் இல்லை,
வரைந்த சிரிப்புதான்.
கேக்கை வாங்கி, தலையை ஆட்டி,
தலையணைக்கும் சட்டைக்கும் நடுவே
செருகிக்கொண்டே போனேன்.
இரண்டு ராத்திரி இப்படித் தப்பினேன்.

மூன்றாம் நாள் கிறேஸிபாய் டீச்சர் வீட்டில்
முகமூடியின் ரப்பர் அறுந்தது.
டீச்சர் பாட்டைக் கேட்கவில்லை.
என் கன்ன எலும்பையே பார்த்தார்.
"தீனமாடே உனக்கு? மறைக்காம சொல்லு."
போன வருஷம் இதே கூடத்தில்
தங்கையன் சார் இப்படித்தான் மெலிந்துகொண்டிருந்தார்.
கடைசி மாதம் கஞ்சியும் இறங்கவில்லை.
"இல்ல டீச்சர், நானா கொறச்சது" என்றேன்.
நம்பவில்லை.
ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து
என் கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

தின்றேன்.
கருப்பட்டியும் தேங்காயும்
எட்டு மாதத்தை ஒரே கடியில் கடந்தன.
விழுங்குகிறேனா என்று என் தொண்டையைப் பார்த்திருந்தார்.
இன்னொன்றும் தின்றேன்.
இரண்டாவது அவருக்காக இல்லை,
பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் எடைக்கருவி முள் கொஞ்சம் தள்ளி நின்றது.
அதை நான் திட்டவில்லை.
மத்தியானம் கருங்கல் சந்தை வரை நடந்து போனேன்,
நடந்தே திரும்பினேன்.

இருபத்திநாலாம் தேதி, பதினொரு மணி,
காற்றுக்கு ஒரு தென்னோலை கம்பியில் விழுந்து
ஊரே இருட்டு.
வாசல்தோறும் காகித நட்சத்திரங்கள்
கண்ணை மூடிக்கொண்டு தொங்கின.
துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டேன்,
லைன் செத்ததை உறுதிசெய்தேன்.
தொப்பியைக் கழற்றினேன், தாடியைக் கழற்றினேன்,
கயிற்றை அவிழ்த்து
வயிற்றை அஜின் கையில் கொடுத்தேன்.

அதே மத்திகோட்டுக் கம்பம்.
சிவப்புக் காற்சட்டையோடு ஏறினேன்.
நெஞ்சு சிமெண்டைத் தொட்டது,
கை தாண்டிப் போனது.
ஓலையை இழுத்துக் கீழே போட்டேன்.
மேலே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்,
வேலை எதுவும் இல்லாமலே.

கீழிருந்து குரல்:
"சார், தலையணைக்குள்ள கேக்கு கெடக்கு.
நான் தின்னட்டா சார்?"

"தின்னு மக்கா" என்றேன்.
இரண்டு படி இறங்கிய பிறகு,
"ஒண்ணு வையி."