துவர்க்கும் என்றேன்

பெயர்ப்பலகையில் வைன் ஸ்டோர்ஸ்.
உள்ளே சாராயம், மேலும் சாராயம்,
பெட்டி பெட்டியாய் பியர்.
வைன் இருப்பது மேல்தட்டு மூலையில்,
மின்மானிக்குப் பக்கத்தில்,
ஏழே ஏழு போத்தல்.

கம்பிவலைக்கு முன்னால் ஆண்களின் வரிசை.
நாளை போயா. எல்லோருக்கும் அவசரம்.
வாடியிலிருந்து நேரே வந்த ஒருவர்
என்னைக் கண்டதும்
மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டார்,
கோயில் வாசலில் நிற்பவர்போல.

நிமல்சிறி கேட்டான்:
"மிஸ், யாருக்குப் பரிசு?"
எனக்கு.
காதில் விழாதவன்போல் மறுபடி கேட்டான்.
எனக்குத்தான்.
"அப்ப இனிப்பு. ரூரிஸ்ட் எல்லாம் இதுதான் கேக்கிறது."

பேப்பரில் சுற்றி, குடைக்குள் செருகி,
உவர்மலை ஏற்றம் ஏறி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
இருமல் பாணியின் ஒன்றுவிட்ட தங்கச்சி.
இரண்டு மிடறு குடித்தேன்.
மிச்சத்தை இறைச்சிக் கறிக்குள் ஊற்றினேன்.
கறியும் ஏற்கவில்லை.

சீனக்குடா மா ஆலையின் ஆய்வுகூடத்தில்
பதினோரு வருடமாய் மாவைச் சோதிக்கிறவள் நான்.
ஈரம் இத்தனை வீதம், சாம்பல் இத்தனை,
பசை இழுத்தால் எவ்வளவு நீளும்,
பாணுக்கு எது, பிஸ்கட்டுக்கு எது.
எனக்கு எது என்று
ஒருவரும் மாதிரி அனுப்பியதில்லை.

ஆகவே ஒரு ஞாயிறு,
காலாவதியான படிவமொன்றின் பின்பக்கத்தில்
எழுதத் தொடங்கினேன்.
பிளேன்ரீ: கடும் சாயம், சீனி வேண்டாம்.
நெல்லி: ஆம். அதன்பின் தண்ணீர் இனிப்பது
ஏமாற்று, அதைச் சேர்க்கவில்லை.
பாலைப்பழம்: உதடு ஒட்டும்வரை. பிறகு அலுப்பு.
மாதுளை முத்துக்களுக்கு நடுவே
மஞ்சளாய் ஒரு சவ்வு இருக்குமே,
அலுவலகத்தில் யாரும் பார்க்காதபோது
அதையும் தின்பேன்.
நாவற்பழம்: நாக்கு ஊதாவாகி
பல்லின் பின்புறத்தை யாரோ பழந்துணியால்
துடைத்துவிட்டதுபோல் ஆகும் அந்தக் கணம்.
அதற்காகத்தான்.

அதற்காகத்தான் என்று எழுதிவிட்டுப்
பேனையை வைத்தேன்.
உவர்ப்பு நான் குடியிருக்கும் மலையின் பெயரிலேயே உண்டு.
இது வேறு.
ஆறு சுவையில் கடைசியாய் எண்ணி
பரிமாற மறந்துவிடுகிற ஒன்று.
நாற்பத்திரண்டு வயதில்
என் வாய்க்கு ஒரு சொல் அகப்பட்டது.

அடுத்த போயாவுக்கு முதல்நாள் மழை.
வரிசையில் நாலே பேர்.
நிமல்சிறியின் கை அதற்குள்
இனிப்புப் போத்தலில்.
அது இல்லை. அதற்குப் பின்னால்.
கழுத்தில் சிலந்தி நூலோடு இருக்கிறதே, அது.

"மிஸ், இது ட்ரை."
காய்ந்ததா?
அவனும் சிரித்துவிட்டான்.
"ஒராளும் வாங்குறது இல்ல. கசக்கும்."
துவர்க்கும், என்றேன்.
"கசப்பு வேற, துவர்ப்பு வேற, தம்பி" என்று
பின்னால் நனைந்துகொண்டு நின்றவர்
எனக்காகவோ தமிழுக்காகவோ வாதாடினார்.
அவர் வாங்கியது கால்போத்தல் சாராயம்.
நான் கொடுத்தது ஒன்றரை நாள் சம்பளம்.

தக்கை வெளியே வரவில்லை.
அகப்பைக் காம்பால் உள்ளே தள்ளினேன்.
அது போத்தலுக்குள் மிதந்தது,
உட்துறைமுகத்தில் அனுமதிக்குக் காத்துக்கிடக்கும்
கப்பல் மாதிரி.
சில்வர் தம்ளர். பொரித்த பாரைமீன்.
மீனுக்கு வெள்ளை வைன்தான் என்று ஒரு விதி உண்டாம்.
விதி எழுதியவர்
என் மீனுக்கு மிளகாய்த்தூள் போட்டவரில்லை.

முதல் மிடறு: முகம் சுளித்தேன்.
இரண்டாவது: காத்திருந்தேன்.
மூன்றாவதில், பல்லின் பின்புறத்தில்,
அந்தப் பழந்துணி.

படிவத்தை எடுத்து
ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதப்போனேன்.
கை எண்ணெயாக இருந்தது. விட்டுவிட்டேன்.

கீழே, தெருவிளக்கடியில் ஒரு புள்ளிமான்
என் குப்பைப் பையைக் கிழித்துக்கொண்டிருந்தது.
வாழைத்தோலை முகர்ந்து ஒதுக்கியது.
கத்தரிக்காய்க் காம்பையும் ஒதுக்கியது.
போத்தல் சுற்றிவந்த பேப்பரை
நிதானமாக, கண்ணை மூடி,
மென்றது.