லிசென்சியாதோவுக்குப் பதினெட்டு டிகிரி

தண்ணீர் முதலில், பிராணி பிறகு
என்று பண்ணைக்கார பான்ஃபிலோ சொன்னபோது
என் மடியில் ஏற்கெனவே இருந்தது அது,
முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில்,
எந்தத் தொட்டியில் பிறந்தது என்று
முத்திரை குத்திய காகிதத்தோடு.

சுட்டுவிரல் நீளம்.
கழுத்தின் இருபுறமும் மும்மூன்று சிவந்த செவுள்கள்.
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு
எதற்கும் பதில் சொல்லாத புன்னகை.
எங்கள் வீட்டு வழக்கை ஒன்பது வருடம் இழுத்த
வக்கீலும் இப்படித்தான் சிரிப்பார்.
ஆகவே பெயர் லிசென்சியாதோ.
வக்கீலை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

தொட்டி ஒரே நாளில் வந்துவிட்டது.
தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாதவை குடியேற
ஆறு வாரம்.
அவை வந்துதான் கழிவின் நஞ்சைத் தின்னுமாம்.
நான் குழாயில் பத்துச் சொட்டு விட்டுக் குலுக்கிப் பார்ப்பேன்,
இன்றும் பச்சை,
இன்றும்.
அதுவரை லிசென்சியாதோ
கிறிஸ்துமஸுக்கு மாவு பிசையும் தொட்டியில்.
தினமும் முழுத் தண்ணீரும் மாற்ற வேண்டும்,
குளோரின் முறித்து,
ஆறவைத்து.

இஸ்தபலாபாவுக்குத் தண்ணீர் லாரி
வியாழக்கிழமை வரும்,
அல்லது வராது.
கிரிசோஃபோரோ ஒரு குவளையில் தலையும்
இன்னொன்றில் மிச்சமும் குளித்துவிட்டு
சொட்டச் சொட்ட வந்து நின்றான்:
'வக்கீல் ஐயா தினமும் குளிக்கிறாரோ?'
நான் பேசவில்லை.
பழைய தண்ணீரை ஜெரேனியத்துக்கு ஊற்றினேன்.
செடி வெட்கமில்லாமல் பூத்தது.

அடியில் கூழாங்கல் போட்டேன், அழகுக்கு.
மறுநாளே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன்.
வாயைத் திறந்தால் இரையோடு எதிரில் இருப்பதெல்லாம் உள்ளே போகும்;
கல்லென்றும் புழுவென்றும் அதற்குத் தெரியாது.
இப்போது வெறும் தரை,
விளிம்பு உடைந்த ஒரு மண்சட்டி, கவிழ்த்து.
அதுதான் அலுவலகம்.

மண்புழுவை முதல் தடவை நறுக்கியபோது
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்,
இரண்டு துண்டும் நெளிவதைக் கை அறிந்தது.
அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள அகலம்,
அதைவிடப் பெரிய துண்டு கூடாது.
இடுக்கியில் பிடித்து மூக்கருகே ஆட்ட வேண்டும்.
நீண்ட நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு 'பொளக்'.
துண்டைக் காணோம், முகம் அப்படியே.
உண்ணாமல் விட்டதை உடனே உறிஞ்சி எடுத்துவிடு,
இல்லையென்றால் தண்ணீர் கெடும்.

மீதிப் புழுக்கள் குளிர்பெட்டியில், தயிர் டப்பாவில்.
எழுதி ஒட்டத்தான் நினைத்திருந்தேன்.
நள்ளிரவில் கிரிசோஃபோரோ போட்ட சத்தத்துக்கு
மாடியில் நாய் குரைத்தது.

மே மாதம். மூன்று நாளாய் வெயில்,
நான்காம் நாள் மின்சாரமும் போனது.
விசிறி நின்றது. பதினெட்டு இருபதாகி,
இருபத்து மூன்றாகி,
மதியம் இருபத்தைந்து.
செவுள்கள் முன்பக்கம் மடிந்தன.
வால் நுனி கொக்கிபோல் சுருண்டது.
சிரிப்பு மட்டும் மாறவில்லை.
அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

கீழே ஐஸ் குச்சி விற்கும் எர்மெலிந்தாவிடம் ஓடினேன்,
இரண்டு பாட்டில் தண்ணீரோடு.
வண்டிப் பெட்டியில் உப்புப் போட்ட பனிக்கட்டி.
அவள் கேள்வி கேட்கவில்லை.
புளி ஐஸ் பதினொன்றை வெளியே எடுத்து
தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு
என் பாட்டில்களைப் படுக்க வைத்தாள்.
'எந்த மாவட்ட வக்கீல்?' என்றாள் பிறகு.

ஒன்று உறைய ஒன்று கரைய,
படியேறி இறங்கிக்கொண்டிருந்தது நானல்ல,
இரண்டாம் நடையிலிருந்து கிரிசோஃபோரோ.
மெதுவாக, மெதுவாக, திடுமென்று குளிரக் கூடாது
என்று எனக்கே சொன்னான்.

இரவு பத்துக்கு விளக்கு வந்தது.
தொட்டியருகே ஒன்றை அணைத்தேன்:
கண் கொட்டாமல் பார்ப்பது அதன் பிரியமில்லை,
இமையே கிடையாது.
பத்தொன்பது, என்றான் அவன், கீழே உட்கார்ந்தபடி,
இன்னும் ஒரு டிகிரி.
இருட்டில் கேட்டது
பொளக்.
நான் எதையும் கொடுக்கவில்லை.
அவன் கையில் இடுக்கி.