கை மாறினால் வளரும்

ஹகொதாதே துறையில் படகு கிளம்ப
இன்னும் இருபத்திரண்டு நிமிடம்.
அப்பா வெளியே, காரை அணைக்காமல்.
அம்மா ஆவோமோரி போகும் பெட்டிகளோடு.

நானும் ஃபுயுமியும் தரையில் உட்கார்ந்து
இரண்டு கருவிக்கும் நடுவே ஒயரைச் செருகினோம்.

கோகெமாரு:
முதுகில் பாசி படர்ந்த நத்தை.
நிலை நாற்பத்தொன்று.
எத்தனை சண்டை ஜெயித்தும் நத்தையேதான்.
அதன் விதி அப்படி,
கை மாறினால்தான் வளரும்.

"அனுப்பு. வளர்ந்ததும் திருப்பித் தர்றேன்."
முன்பல் இரண்டு விழுந்த வாய்.

திரை வெளுத்தது.
என் நத்தை ஒயருக்குள் ஊர்ந்து போனது.
அந்தப் பக்கம் ஓடு பிளந்து
சிறகோ துடுப்போ, என்னவோ விரிந்திருக்க வேண்டும்.
அவள் கத்தினாள்.
நான் எட்டிப் பார்ப்பதற்குள்
படகு ஊதியது,
அம்மா அவளை எழுப்பினாள்,
ஒயர் என் பக்கம் மட்டும் தொங்கியது.

பதிலுக்கு வந்திருந்தது ஒரு வெட்டுக்கிளி.
எந்தப் புல்லிலும் காலில் இடறுகிற ஜாதி.
நிலை மூன்று.
அதற்கு முன்கூட்டியே பெயர் வைத்திருந்தாள்:
கடன்.

அடுத்தவர் வைத்த பெயரை
அந்த ஆட்டத்தில் மாற்ற முடியாது.

எனக்கு இப்போது முப்பத்தாறு.
அதை ஒரு சண்டைக்கும் இறக்கியதில்லை.