எட்டு வெளியே

நான் பந்தைத் தொடாதவள்.
கோட்டுக்கு வெளியே
இரண்டு பயிற்சியாளர்களின் வசவுக்கு நடுவில்
எண் பலகையோடு நிற்கும் நான்காம் நடுவர்.
திங்கள் முதல் வெள்ளி வரை ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில்
கன்டெய்னர்களுக்கு எண் பதிவேன்,
சனிக்கிழமை மனிதர்களுக்கு.

ரொனான் கெர்மரெக். வயது முப்பத்தாறு. எண் எட்டு.
மூன்று பருவங்களாக அந்தப் பெயரை
அணிப்பட்டியலில் எழுத்துக்கூட்டியிருக்கிறேன்.
மீதியை,
மின்னலுக்காக ஆட்டம் நின்ற ஓர் இரவில்
ஈரக் காலுறையைப் பிழிந்தபடி அவனே சொன்னான்,
பேருந்து நிறுத்தங்களைச் சொல்வதுபோல.

துவார்னெனே. அம்மா மத்தி மீன் டப்பா அடைக்கும் ஆலையில்.
பதின்மூன்றில் கால்பந்து விடுதி.
தேசிய இளையோர் அணிக்கு ஒரே ஒரு அழைப்பு:
நீலச் சட்டை போட்டான், பெஞ்சில் இருந்தான்,
வியர்வை படாமல் மடித்துக் கொடுத்தான்.
இரண்டாம் பிரிவில் ஆறு ஆண்டு.
பெல்ஜியத்துக்கு இரவல்.
சைப்ரஸில் நான்கு மாதச் சம்பளம் இன்னும் பாக்கி.
ஹங்கேரியில் ஒரு முட்டி.
'முட்டியா?'
'ஆமாம், அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.'

பதினேழு ஆண்டில் பதினொரு கோல்.
சொந்த வலைக்குள் போட்ட இரண்டையும்
அவன் சேர்த்துத்தான் எண்ணுகிறான்.

கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள்.
அவனுக்குப் பந்து கொடுத்தவனுக்கும்
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
கொடுத்தவனுக்குக் கொடுத்தவன் கெர்மரெக்.
அவனுக்குக் கட்டமில்லை.
பந்து வருமுன்னே
தோளுக்குப் பின்னால் ஒருமுறை, இன்னொருமுறை,
சோற்றில் அலகு வைக்குமுன் காக்கை பார்ப்பதுபோல்
பார்த்துக்கொள்வான்.
வந்ததும் ஒரு தட்டு. அவ்வளவுதான்.
கேலரி அதற்குள் வேறெங்கோ கத்திக்கொண்டிருக்கும்.

என் மொழியில்
அவன் ஆடுவது நடுக்களம், நான் நடுவர்.
ஒரே நடு.
நட்டாற்றில் விட்டார்கள் என்கிறோமே, அதுவும் அதே நடுதான்.
இதை அவனிடம் சொல்லும் அளவுக்கு
எனக்குப் பிரெஞ்சு வராது.

அக்டோபர் கடைசி. பருவத்தின் கடைசி ஆட்டம்.
கடலிலிருந்து மூடுபனி ஏறி
தூரத்துக் கோல்கம்பத்தைத் தின்றிருந்தது.
எழுபத்தெட்டாம் நிமிடம் பலகையைத் தூக்கினேன்.
பச்சையில் இருபத்தொன்று.
சிவப்பில் ஆறு.

எட்டின் ஏழு கோடுகளில்
வலப்பக்க மேல்கோடு ஈரத்தில் செத்திருந்தது.
எனக்கு அது தெரியாது;
தூக்கியவளுக்குத் தன் பலகை தெரிவதில்லை.
ஆறாம் எண் டேரியன், பத்தொன்பது வயது,
அன்று ஒரு பிழையும் செய்யாதவன்,
முகம் தொங்கக் கோட்டை நோக்கி நடந்தான்.

கெர்மரெக்குக்குத் தெரியும்.
எழுபத்தைந்துக்கு மேல் தாங்காது என்று
காலையிலேயே பேசி முடித்தது.
சும்மா இருந்திருக்கலாம்.
பன்னிரண்டு நிமிடம், கூடுதல் நேரம் வேறு,
பழி பலகைக்குத்தான் போயிருக்கும்.
கொஞ்சம் இருக்கவும் செய்தான்.
இடுப்பில் கைவைத்து அந்தப் பனிக்குள் நின்று
தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தான்.
யாரும் இல்லை.

பிறகு பையனின் பிடரியைப் பிடித்து
அவன் இடத்துக்கே திருப்பித் தள்ளினான்.
என் கணக்கில் அதுவும் ஒரு பாஸ்,
நீளம் இரண்டு மீட்டர்.

நேரே என்னிடம் வந்தான்.
பாடாத ரேடியோவைத் தட்டுவதுபோல்
பலகையின் விளிம்பில் உள்ளங்கையால் ஒன்று வைத்தான்.
என் மணிக்கட்டு வரை அதிர்ந்தது.
'இப்போது எட்டு' என்றான்,
கோட்டைத் தாண்டினான்.
நூறு பேர் எழுந்து நின்றிருக்கலாம். பனியில் எண்ண முடியவில்லை.

படிவத்தில் எழுதினேன்:
78. எட்டு வெளியே, இருபத்தொன்று உள்ளே.
காரணம் என்ற இடத்தில்
காயம், உத்தி என்று இரண்டே சொற்கள்.
ஒன்றை வட்டமிட வேண்டும்.
லீக் அலுவலகம் இரண்டுமுறை கேட்டுவிட்டது.