இடுகுறிப்பெயர்

திங்கள் காலை எட்டு மணி ஐந்து நிமிடம்.
க்ளைபேதா துறைமுகம், சரக்கு அனுமதிப் பிரிவிலிருந்து
ஸ்கைஸ்தே பேசினாள்:
"வருக புதியவரே என்கிறது உங்கள் திரை.
பதினோரு வருடம் நான் கையொப்பமிட்ட கப்பல்களில்
ஒரு படகைக்கூடக் காணவில்லை."

வெள்ளிக்கிழமை வரை அவள் நோர்க்கியேனே.
இன்னாரின் மனைவி என்று வாலில் எழுதிய பெயர்.
பள்ளியில் புத்குதே, இன்னாரின் மகள்.
தீர்ப்பு வந்தபின் பதிவகத்தில் கேட்டு வாங்கியது
புத்கே.
மகளா மனைவியா என்று
யாருக்கும் பதில் சொல்லாத விகுதி.
ஆளணி அலுவலகம் கோப்பகத்தில் அதை மாற்றியது.
நான்கு நிமிட வேலை.

தவறு என்னுடையது.
பதினோரு வருடம் முன்பு, கௌனாஸில், மழை நாள், பசி.
பயனரை எதைக்கொண்டு அறிவது என்ற கேள்விக்கு
ஒற்றை வரியில் விடை எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்:
கோப்பகம் தரும் முழு முகவரி.
பெயர், பிரிவு, கட்டடம், நிறுவனம் என்று
இலை நுனியில் தொடங்கி வேர்வரை வாசிக்கும் சரம்.
அழகாக இருந்தது, நம்பிவிட்டேன்.
நுனி மாறியதும்
என் அட்டவணைக்கு அவள் ஆளே இல்லை.

மற்றவை ஒழுங்காகத்தான் செய்திருந்தேன்.
கடவுச்சொல்லை வாங்குவேன், வைத்துக்கொள்ள மாட்டேன்.
கோப்பகத்தின் கதவில் அதைச் சொல்லித் தட்டுவேன்,
ஆம் இல்லை இரண்டில் ஒன்று கேட்டு
அந்தக் கணமே மறப்பேன்.
சொல்லே இல்லாமல் தட்டினால்
யாரோ வழிப்போக்கர் என்றெண்ணி அது தலையாட்டிவிடும்.
அதனால் வெறுங்கையோடு வருபவரை
என் வாசலிலேயே நிறுத்துவேன்.
இத்தனை காவலும் போட்டவன்
உள்ளே வந்தவள் யார் என்பதில் கோட்டைவிட்டேன்.

தௌத்விலாஸ் பழைய வரிசைகளைத் துழாவினான்.
பதினாறு பேர் இரண்டிரண்டாகக் கிடந்தார்கள்.
பளுதூக்கியிலிருந்து சுங்கத்துக்கு,
சுங்கத்திலிருந்து கிடங்குக்கு மாறிய ஒருவர்
மூன்றாக.
ஒருவர்கூடப் புகார் சொன்னதில்லை.
இடம் மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்,
இயந்திரத்தின் வழக்கம் அது என்று
நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

கோப்பகம் ஒவ்வொருவருக்கும்
பிறந்த நொடியில் இன்னொன்றும் தருகிறது:
முப்பத்திரண்டு குறிகள், அர்த்தம் இல்லை,
வாயில் நுழையாது, யாரும் கூப்பிட மாட்டார்கள்.
நான் பார்த்தும் பாராமல் போனது.
காரணப்பெயர் காரணத்தோடு போய்விடும்.
மணம் முறியும், பிரிவு மூடும்,
கட்டடத்தை ஹோட்டல்காரன் வாங்குவான்.
இடுகுறிக்கு இழக்க எதுவுமில்லை.
அதைத்தான் இனி அவள் என்று கொண்டேன்.
பெயரோ ஒவ்வொரு முறை நுழையும்போதும்
அங்கிருந்து கேட்டு எழுதிக்கொள்ளும் ஒரு செய்தி, அவ்வளவே.

இரண்டு ஸ்கைஸ்தேக்களையும் ஒன்றாக்கும் முன்
தொலைபேசியில் கேட்டேன்:
பழைய அனுமதிகளில் என்ன பெயர் போட?
மறுமுனையில் காற்று, ஒரு நாரை, ஊதல்.
"அப்படியே இருக்கட்டும்.
அந்தக் கப்பல்களை அனுப்பியவள் அவள்தான்.
பனியில் இறங்கிப் போய்ப் பார்த்தவளும்."
இதை நான் எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.
எழுதினேன்.

மாலையில் எல்லாக் கப்பலும் திரும்பியிருந்தன.
அவள் நன்றி சொல்லவில்லை, மீண்டும் அழைத்தாள்.
"பெயரின் கடைசியில் ஒரு வெற்றுக் கட்டம் தெரிகிறது."

தலையில் புள்ளி வைத்த எழுத்து அது.
என் பழைய எழுத்துருவில் இல்லை.
ஒரு புள்ளிதானே என்று சொல்ல வந்து
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
புள்ளி இல்லாமல் மெய் ஏது?

மணி ஐந்தே முக்கால்.
தௌத்விலாஸ் கிளம்பிவிட்டான்.
தேடிக்கொண்டிருக்கிறேன்.