பலாக்கட்டை

முதலில் இருந்தது இரும்பு வேப்.
லோரியில் கழற்றிய உதிரிபாகம் போல ஒன்று.
கைப்பைக்குள் சாவிக்கொத்தோடு
சண்டை போட்டுக்கொண்டே வரும்.
பேருந்தில் எனக்கு முன்னால்
அதன் சத்தம் இறங்கும்.

நான் செம்பனை ஆலையின் எடைமேடையில்
கணக்கு எழுதுகிறவள்.
காலை ஏழிலிருந்து லோரி ஏறும், லோரி இறங்கும்.
குலையோடு ஓர் எடை, குலையில்லாமல் ஓர் எடை,
நடுவில் இருப்பதுதான் காசு.
மேசை இரும்பு, நாற்காலி இரும்பு,
சன்னல் கிராதி இரும்பு.
ஒரு மணி வெயிலில் அதில் கைவைத்தால்
தோல் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும்.

பத்து நிமிட ஓய்வில்
ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய்
வாயில் வைக்கவும் இரும்புதானா
என்று ஒருநாள் தோன்றியது.

பகாவ் இரவுச் சந்தையில்
அப்பம் பாலிக் கடைக்கும்
கைப்பேசி உறை விற்பவனுக்கும் நடுவே
ஹஸ்ருல் துணி விரித்திருந்தான்.
பகலில் டயர் மாற்றுகிறவன்,
நகக்கண்ணெல்லாம் கறுப்பு.
துணிமேல் பன்னிரண்டு கட்டைகள்.
அவனே அறுத்து, குடைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவை.
ஒன்றைப் போல ஒன்றில்லை.
இது கெத்தா, இது மெர்பாவ், இது நங்கா என்றான்.

நங்காவை எடுத்தேன்.
மஞ்சள் பூசிக் குளித்த தோளின் நிறம்.
ஓரத்தில் ஒரு கணு.
கட்டைவிரல் தானாகப் போய் அதில் உட்கார்ந்தது.
அது குறை, இருபது வெள்ளி தள்ளித் தருகிறேன் என்றான்.
தள்ளாமல் கொடுத்தேன்.
எவ்வளவு என்று வீட்டில் சொல்லவில்லை.
வாங்கியதையே சொல்லவில்லை.

உள்ளே அதே பேட்டரி, அதே சுருள்,
அதே மாம்பழ வாசனை, அதே நிக்கோட்டின்.
நெஞ்சுக்கு மரமென்று தெரியாது.
கைக்குத் தெரிகிறது.
இரும்பு என் சூட்டை வாங்கி
யாரிடமோ கொடுத்துவிடும்.
இது வாங்கி வைத்துக்கொள்கிறது.
இழுக்காதபோதும் பிடித்திருக்கலாம்.
அதனால் பழக்கம் குறைந்தது என்று சொல்ல ஆசைதான்.
எண்ணிப் பார்த்தேன்.
குறையவில்லை.

நவம்பர் மழையில் ஊதிப்போய்
மூடி திறக்கமாட்டேன் என்றது.
இரும்பு ஒருநாளும்
இப்படிக் கோபித்துக்கொண்டதில்லை.
ஈரம் வாங்கட்டும் என்று
அரிசி டின்னில் புதைத்தேன்.
மூன்று நாள் எடைமேடையில்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் டின்னுக்குள் கைவிட்டால்
அரிசிதான் இருந்தது.

சாமி மேடையில்
முருகனுக்கும் விபூதித் தட்டுக்கும் நடுவில்
நின்றுகொண்டிருந்தது.
நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.
அதற்கு நெற்றி எந்தப் பக்கம் என்று
அத்தை எப்படிக் கண்டுபிடித்தாரோ.
"அரிசிக்குள்ள இருந்துச்சு, பூவிழி.
யாரு வெச்சாங்கன்னு தெரியல.
வந்தத வரலன்னு சொல்லக்கூடாது"
என்றபடி வெங்காயம் உரித்தார் என் மாமியார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
வாய்வைக்கும் குழாயை மட்டும்
சுவர்ப் பக்கமாகத் திருப்பி
நிறுத்தியிருந்தார்.

இரண்டு வெள்ளிக்கிழமை
அதற்கும் சேர்த்து சூடம் காட்டினார்.
எதிரே கைகூப்பி நின்றேன்.
எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.
மூன்றாம் வாரம் அவர் பாசாருக்குப் போன நேரம்
எடுத்துப் பைக்குள் போட்டேன்.
சாவிக்கொத்து மேல் விழுந்தும்
சத்தமே இல்லை.
மாலை திரும்பினால், மேடையில் அது நின்ற இடத்தில்
ஒரு எலுமிச்சம்பழம்.
அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று லோரி வராத நேரத்தில்
எடைமேடையில் வைத்துப் பார்த்தேன்.
அறுபது டன் நிறுக்கிற மேடை
சுழி காட்டியது.
முந்தானையால் துடைத்தேன்.
சந்தனம் போயிற்று.
குங்குமம் கணுவுக்குள் இறங்கிவிட்டிருக்கிறது,
ஊசியால் கிளறினாலும் வராத ஆழத்துக்கு.
இரும்பென்றால் ஒரு விரலில் போயிருக்கும்.

வாசலில் ஹாரன்.
முதல் லோரி, குலையோடு.
இழுக்கவில்லை.
கைக்குள் வைத்துக்கொண்டே
எண்ணை எழுதுகிறேன்.